மருந்துக்கடைக்காரனுக்கு வராத தூக்கம்

முழங்கால் வரை தண்ணீர். தண்ணீருக்கு அடியில் இரண்டு மூட்டைக் கேரட். அதன்மேல் என் கால்கள். அவை என்னுடையவைதானா என்று அடிக்கடி குனிந்து பார்த்துக்கொண்டேன். முழங்காலுக்குக் கீழே எதுவும் உறைக்காமல் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது.

கோத்தகிரியிலிருந்து சற்றுத் தள்ளி, ஓடை ஒன்று வளைந்து திரும்பும் இடத்தில் வெட்டியிருந்த குழி அது. தை மாசம். புல்மேல் உறைபனி உப்பைத் தூவியதுபோல் கிடந்தது. விடிவதற்கு இன்னும் நேரமிருந்தது. குழிக்கு இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்கு. சேலைக்கு மேல் ஆண்களின் பழைய கோட்டைப் போட்டு, தலையில் துண்டு கட்டிய எட்டுப் பெண்கள், நான் கேரட் கழுவும் அழகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி, கால அழுத்தி மிதிக்கணும். தைலம் தேய்ச்சு விடற மாதிரி தடவப்படாது" என்றார் பாக்கியக்கா. அந்தக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி.

"மருந்துக்கடைக்காரருல்ல. கை பழகுனது காலுக்கும் வந்திருச்சு" என்றாள் இன்னொருத்தி.

எட்டுப் பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த வேகத்தில் கேரட் உருண்டு, பிடிக்க எதுவும் இல்லாமல், அந்தப் பனித்தண்ணீரில் இடுப்பு வரை உட்கார்ந்தேன். அதற்கு அவர்கள் சிரித்த சிரிப்பு ஓடைக்கு அந்தப்பக்கத் தேயிலைத் தோட்டம் வரை கேட்டிருக்கும்.

ஊருக்குள் சொந்தமாக மருந்துக்கடை வைத்திருந்தவன் நான். நாற்பத்திரண்டு வயது. அந்த நேரத்தில் கம்பளிக்குள் சுருண்டு கிடந்திருக்க வேண்டியவன். கிடக்க முடியாமல் போனதால்தான் குழிக்குள் நின்றேன்.

குன்னூர் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து குடியை நிறுத்திய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "நிறுத்தியது சரி. அதற்கப்புறம் ராத்திரிகளை என்ன செய்தீர்கள்?" கேட்ட விதத்திலேயே தெரிகிறது, அவருக்கும் அந்த ராத்திரிகள் பழக்கம். அவருக்காகவே இந்த வாரம்.

அளந்து குடித்தவன்

நான் அளந்து குடித்தவன். மருந்துப் புட்டியின் தலையில் கவிழ்த்து வைத்திருப்பார்களே சின்னப் பிளாஸ்டிக் மூடி, உள்ளே கோடு போட்டது, அதில் அளந்து குடிப்பேன். அளந்து குடித்தால் அது மருந்து என்பது என் சித்தாந்தம். ஆரம்பத்தில் சாயங்காலம் இரண்டு மூடி. பத்து வருஷம் கழித்தும் அதே மூடிதான். எத்தனை முறை நிரப்பினேன் என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

அன்னூரிலிருந்து கடை வைக்க மலைக்கு ஏறி வந்தபோது எல்லோரும் சொன்னது, "குளிருக்குக் கொஞ்சம் போட்டாத்தான் தாங்கும்." தாங்கும் என்று நானும் நம்பினேன்.

குன்னூர் டாக்டரம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் எழுதுவதை நிறுத்தினார்.

"குளிருக்குத்தான் குடிச்சீங்களா?"

"ஆமாங்க டாக்டர்."

"அப்ப சித்திரை வைகாசியில எதுக்குக் குடிச்சீங்க?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாளாம், ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா இரண்டு விஷயம் சொன்னார். மறுபடி குடிக்க ஆரம்பித்துவிட்டால் நானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம், உடனே அங்கே வர வேண்டும். இரண்டாவது, தூக்கம்.

"கொஞ்ச நாளைக்குச் சரியாத் தூக்கம் வராது. அதுக்காகத் தூக்க மாத்திரை தொடாதீங்க. ஒண்ண விட்டு இன்னொண்ணப் பிடிச்சுக்கற உடம்பு உங்க உடம்பு. தூக்கம் தானா வரும்."

"எப்பங்க வரும்?"

"அது வர்றப்ப."

சரசுதான் கேட்டாள். "ஏனுங்க டாக்டர், இவரு கடையில ஒரு அலமாரி பூரா அந்த மாத்திரதானே வெச்சிருக்காரு?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். சரசுவைப் பார்த்தார். "சாவிய நீங்க வெச்சுக்கோங்க" என்றார்.

ஐப்பசி மாதம் அது. அன்றைக்குச் சரசு இடுப்பில் செருகிய சாவியை ஆறு வருஷம் அவிழ்க்கவில்லை.

ஜன்னலில் ஒரு கரடி

அதிலிருந்து கடைக்கு அவளும் வந்தாள். மத்தியானச் சமையலைக் காலையிலேயே முடித்து, பெண்ணைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். டாக்டர்களின் கையெழுத்தை மூன்றே வாரத்தில் படிக்கக் கற்றுக்கொண்டாள். எனக்கு நாலு வருஷம் பிடித்த வித்தை.

தூக்க மாத்திரைச் சீட்டோடு ஒருவர் வந்தால் நான் ஓரமாக நகர்ந்து நிற்பேன். அவள் அலமாரியைத் திறந்து எடுத்துக் கொடுப்பாள். ரிட்டயர்டு ஃபாரஸ்ட் ரேஞ்சர் ஒருவர் மாதம் தவறாமல் வருவார். "எட்டு மணிக்குப் போட்டா காலையில ஆறு மணிக்குத்தாங்க முழிப்பு. நடுவுல ஒரு கனவுகூட இல்ல" என்று பெருமையாகச் சொல்வார். பிறர் சொத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டதில்லை. அந்த மனிதரின் ராத்திரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன்.

தூக்கம் வராதது என்றால் புரண்டு படுப்பது மட்டும் இல்லை. ஒரு மணி நேரம் கண் அயரும். பிறகு யாரோ தோளைத் தொட்டு எழுப்பியதுபோல் முழிப்பு வரும். தகரக் கூரை குளிரில் சுருங்கும்போது டக், டக்கென்று சொடுக்குப் போடும். அடுத்த சொடுக்குக்காகக் காத்துக்கொண்டிருப்பேன். பத்து வருஷமாக மறந்திருந்த எல்லா அவமானமும் வரிசையில் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும். அவற்றை அனுப்பிவைக்க இரண்டு மூடி போதும் என்பதும் கூடவே நினைவுக்கு வரும்.

இப்படி ஒரு ராத்திரி ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தபோது தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு கரடி வந்தது. அவசரமே இல்லாமல், சம்பளம் வாங்கிய மனிதன்போல் தெருவைப் பார்த்துக்கொண்டு நடந்து வந்து, எங்கள் வாசலில் நின்று, என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். ஊரில் அந்த நேரத்தில் முழித்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான் என்று தோன்றியது. பிறகு அது கோயில் பக்கம் போனது.

சரசுவை எழுப்பினேன். "சரசு, வாசல்ல கரடி."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வாசலைப் பார்க்கவில்லை. என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள்.

"ஊதுங்க."

ஊதினேன்.

"இன்னொருக்கா."

மறுபடி ஊதினேன். வாசம் எதுவும் இல்லாதது அவளை இன்னும் குழப்பியது. "படுங்க. காலையில பாக்கலாம்" என்றாள்.

காலையில் கோயில் பூசாரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார், விளக்கெண்ணெய் டின்னைக் கரடி கடித்துத் திறந்து நக்கிவிட்டுப் போய்விட்டது என்று. சரசு எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை அதிகம். அவள் மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான்.

"அஜீரணமுங்களா?"

நாற்பத்தோராவது நாள் சறுக்கினேன்.

பிராந்திக் கடைப் பக்கம் தலை வைக்கவில்லை. அப்படிப் போயிருந்தால்கூட ஒரு கௌரவம் இருந்திருக்கும். கடைக்குப் பின்னால் சரக்கு அடுக்கும் அறையில், பசியெடுக்க வைக்கும் அரிஷ்டம் ஒரு பெட்டி இருந்தது. அதில் கொஞ்சம் சாராயச் சத்து தானாக ஊறியிருக்கும் என்பது எந்த மருந்துக்கடைக்காரனுக்கும் தெரியும். சரசு தூக்க மாத்திரை அலமாரியைப் பூட்டியிருந்தாள். அரிஷ்டத்தைப் பூட்ட வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, டாக்டரம்மாவுக்கும் தோன்றவில்லை.

முந்தின மூன்று ராத்திரியும் சேர்த்து நாலு மணி நேரம் தூங்கியிருந்தேன். ஒரு மத்தியானம், கணக்குப் பார்ப்பதாகச் சொல்லி உள்ளே போய் மூன்று புட்டி குடித்தேன். போதை வந்ததா என்றால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வயிறு எரிந்தது. லவங்கமும் வெல்லமும் சேர்ந்து ஏப்பம் ஏப்பமாக வந்தது.

வெளியே வந்து நின்றேன். கடையில் கூட்டம். மருந்து கட்டிக்கொண்டிருந்த சரசு மூக்கை உறிஞ்சினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். நாலு பேர் முன்னால், குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் கேட்டாள்.

"ஏனுங்க, அஜீரணமுங்களா?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் மருந்து கொடுத்து அனுப்பிய பிறகுதான் அழுதாள். அன்றைக்கே குன்னூருக்கு பஸ் ஏறினோம். டாக்டரம்மா கேட்டுவிட்டு, பென்சிலைக் கீழே வைத்து, "நாற்பது நாள் குடிக்காம இருந்திருக்கீங்க. அது எங்கயும் போயிடல" என்றார். நான் அதை அப்போது நம்பவில்லை.

மறுநாள் மிச்ச அரிஷ்டமெல்லாம் ஏஜெண்டுக்குத் திரும்பிப் போனது. அதன் பிறகு எங்கள் கடையில் அரிஷ்டம் வைத்ததே இல்லை. பசியில்லை என்று வருகிறவர்களிடம் சரசு, "இஞ்சியத் தட்டிப் போட்டுக் குடிங்க. அதுக்குக் காசு எதுக்கு?" என்பாள். வியாபாரத்துக்கு ஆகாத பேச்சு. ஆனால் அந்தப் பேச்சுக்காகவே எங்கள் கடைக்கு வந்தவர்கள் உண்டு.

இரண்டாவது சறுக்கலுக்கு நகைச்சுவை கிடையாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்கழியில் சரக்கு எடுக்க மேட்டுப்பாளையம் போனேன். மண்டித் தெருவில் ஒரு பிராந்திக் கடை. கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் சிமெண்ட் பெஞ்சில் படுத்துவிட்டேன். யாரோ சொல்லி சரசு வந்தாள். பெண்ணைத் தனியாக வீட்டில் விட முடியாமல் அவளையும் கூட்டி வந்திருந்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிற பெண். அவள் என் செருப்பைத் தேடி எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அது மட்டும் நினைவிருக்கிறது.

இந்த முறை ஆஸ்பத்திரியில் நாலு நாள். திரும்பி வந்ததும் சரசு சொன்னாள்: "இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நான் புள்ளயக் கூட்டிக்கிட்டு அன்னூருக்குப் போயிருவனுங்க. சண்ட போட்டுட்டுப் போகமாட்டேன். உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் போவேன்."

அவள் சத்தம் போட்டிருந்தால் பயந்திருக்க மாட்டேன்.

மேட்டுப்பாளையம் எனக்கு விலக்கப்பட்ட ஊரானது. சரக்கு போனில் சொல்லி பஸ்ஸில் வரவழைத்தோம்.

இரண்டு மணி ஜீப்

பாக்கியக்கா எங்கள் கடைக்கு வாரம் ஒருமுறை முட்டிவலித் தைலம் வாங்க வருவார். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் ஆன புதிதில் கப்பலேறி வந்தவர். இங்கே முதலில் பந்தலூர்ப் பக்கம் கொழுந்து பறித்து, பிறகு கோத்தகிரிக்கு வந்து கேரட் வேலைக்கு மாறியவர். டீயைத் தேத்தண்ணி என்பார். ஆள் சேர்த்து வேலைக்குக் கிளம்புவதைப் பெரட்டுக்குப் போறது என்பார்.

அன்றைக்குத் தைலம் எடுத்துக் கொடுக்கும்போது என் கண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏன் தம்பி, ராத்திரி ஒறக்கம் இல்லியா?"

நான் மழுப்புவதற்குள் சரசு சொல்லிவிட்டாள். "மூணு மாசமாச்சுங்கக்கா. ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கறாரு."

"ரெண்டு மணிக்கா?" பாக்கியக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்களுக்கு அந்த நேரத்துக்கு எந்திரிக்க முடியாமத்தானே சீரழியுது. ரெண்டு மணிக்கு ஜீப்பு வரும் தம்பி. விடியிறதுக்குள்ள கேரட்டப் புடுங்கி, கழுவி, லாரியில ஏத்தணும். வெள்ளன மேட்டுப்பாளையம் போனாத்தான் வெல. ஆளு பத்தல. சும்மா உக்காந்திருக்கிற நேரத்துக்கு எங்ககூட வாங்களேன்."

நான் சிரித்தேன். சரசு சிரிக்கவில்லை.

"கூட்டிக்கிட்டுப் போங்கக்கா" என்றாள்.

பாக்கியக்கா போன பிறகு கேட்டேன். "கடை முதலாளி கேரட் புடுங்கப் போனா ஊர்ல என்ன சொல்லுவாங்க சரசு? ஒரு கௌரவம் வேண்டாமா?"

"பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடந்தப்பப் போகாத கௌரவம் கேரட் புடுங்குனாப் போயிருங்களா?"

மறுநாள் இரண்டு மணிக்கு ஜீப்பில் இருந்தேன்.

முதல் வாரம் என் கையில் பாதிக் கேரட் உடைந்தது. தழையைக் கொத்தாகப் பிடித்து, கொஞ்சம் ஆட்டி, நேராக மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் தழை கையிலும் கிழங்கு மண்ணிலும் தங்கிவிடும். சரியாக இழுத்தால் மண் ஒரு சின்ன மூச்சு விட்டுக் கொடுக்கும். அந்த வாசத்தை எப்படிச் சொல்வது? ஈர மண்ணும் கொத்துமல்லியும் லேசான இனிப்பும் சேர்ந்தது. மருந்து வாசத்திலேயே பதினாறு வருஷம் இருந்த மூக்குக்கு அது திருவிழா.

அந்தப் பெண்கள் பேசிக்கொண்டே வேலை செய்தார்கள். மாமியார், சீட்டு, சினிமா, காட்டெருமை எல்லாம் வரும். நான் வந்ததும் நோயும் சேர்ந்துகொண்டது. கடையில் நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் இருட்டில் கேரட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததற்கு குன்னூர் டாக்டரம்மாவைப் பார்க்கச் சொன்னேன். ஒருத்திக்கு மார்பில் இருந்த கட்டியை அப்படித்தான் நேரத்தோடு எடுத்தார்கள். அவள் இன்றும் இருக்கிறாள்.

நான் ஏன் தூங்குவதில்லை என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு ஆள் குடித்தார். கேட்காமலே தெரியும்.

கேரட் அல்வா

கூலி வேண்டாம் என்றேன். பாக்கியக்கா விடவில்லை, தினம் ஒரு பை கேரட் கொடுத்து அனுப்பினார். கேரட் பொரியல், கேரட் சாம்பார், கேரட் தோசை, கேரட் அல்வா. அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் வாங்கி வாங்கி அலுத்து, எங்களைக் கண்டால் கதவைச் சாத்திக்கொண்டன. ஒரு நாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துவிட்டு என் பெண் சொன்னாள்.

"அப்பா, நாளைக்கு வேற எதாச்சும் புடுங்கக் கூடாதா? பீட்ரூட்டாச்சும்?"

பஸ் ஸ்டாண்டு நாளுக்குப் பிறகு அவளாக என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. நான் கை கழுவப் போகிற சாக்கில் எழுந்து போய், பின்கட்டில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

தூக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. உடம்பு அலுத்தது. பசித்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவமானங்களை எண்ணுவது நின்றுபோனது. படுத்தால் ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை.

இங்கே ஈரோட்டு வாசகருக்கு ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். நான் சொல்லப்போகிற நாளோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. பல வருஷம் கழித்து, பெண்ணின் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், ஒரு சாயங்காலம் மறுபடி சறுக்கினேன். மறுநாள் காலை குன்னூர் பஸ்ஸில் இருந்தேன். டாக்டரம்மாவுக்கு அதற்குள் தலை நரைத்திருந்தது. "வந்துட்டீங்கல்ல, உக்காருங்க" என்றார். அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. நாளைக்கு நான் உத்தரவாதம் கொடுப்பதில்லை. இன்றைக்குக் கொடுக்கிறேன்.

ஒன்பதரை மணி

ஓடைக் குழியில் நான் விழுந்து எழுந்தேன் என்று சொன்னேனே, அந்தக் காலைக்கு வருகிறேன்.

நனைந்த வேட்டியோடு நடுங்கிக்கொண்டிருந்தேன். பாக்கியக்கா ஒரு சாக்கைக் கொடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ளச் சொன்னார். கம்பளிக் கோட்டு ஒன்றைத் தோளில் போட்டார். கொதிக்கிற தேத்தண்ணி இரண்டு டம்ளர் கொடுத்தார். லாரியில் மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. மேலே நின்று மூட்டையை வாங்கி அடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஓடைக்காற்று படாத இடமாக இருக்கிறதே என்று நான் ஏறினேன்.

அடுக்கி முடித்தேன். மேலே தார்ப்பாய் போர்த்தினார்கள். தார்ப்பாய்க்குக் கீழே, மூட்டைகளுக்கு நடுவில், ஆள் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. கயிறு கட்டும் வரை உட்காரலாம் என்று நினைத்தேன். உட்கார்ந்தது நினைவிருக்கிறது.

அடுத்து நினைவிருப்பது வெயில்.

தார்ப்பாயை யாரோ விலக்கினார்கள். "ஏனுங்கண்ணா, இங்க ஒரு ஆளு கெடக்கறாருங்கோ" என்று ஒரு குரல். கண்ணைத் திறந்தால் வெள்ளை வெளிச்சம், புழுக்கம், ஏலம் கூவுகிற சத்தம், வெங்காய வாசம். கழுத்தெல்லாம் வேர்வை. மலையில் வேர்க்காது. மேட்டுப்பாளையம்.

எனக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: குடித்துவிட்டேன். எங்கே, எப்போது என்று தெரியவில்லை. தெரியாத இடத்தில், வேறு யாரோ எழுப்பி, இடுப்பில் சாக்கோடு முழிக்கிறேன் என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? கையை வாயருகே வைத்து ஊதி முகர்ந்து பார்த்தேன். தேத்தண்ணி வாசம். நாக்கைத் தடவிப் பார்த்தேன். தலையை ஆட்டிப் பார்த்தேன். வலிக்கவில்லை. தலைக்குள் துடைத்து வைத்த பாத்திரம்போல் சுத்தமாக இருந்தது.

மண்டிச் சுவரில் கடிகாரம் ஒன்பதரை காட்டியது. லாரி கிளம்பியது ஐந்தரைக்கு. மலைப்பாதை வளைவு ஒவ்வொன்றிலும் லாரி குலுங்கியிருக்கும். மண்டி வாசலில் வரிசையில் நின்று ஹாரன் அடித்திருக்கும். நான் எதையும் கேட்கவில்லை. முழுசாக நாலு மணி நேரம்.

லாரி டிரைவர் போஜன், கீழூர்க்காரப் படுகர், எனக்குத் தெரிந்த பையன்தான். என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டான். "அண்ணா, நீங்க எப்பங்க ஏறுனீங்க?"

"போஜா, தூங்கிட்டேன்" என்றேன். அதையே இரண்டு மூன்று முறை சொன்னேன் என்று அவன் பிற்பாடு எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

"ஊதுங்கண்ணா"

போன் செய்ய வேண்டும். செல்போன் எல்லோர் கைக்கும் வராத காலம். மண்டித் தெருக் கோடியில் எஸ்.டி.டி. பூத். அதற்கு இரண்டு கடை முன்னால் அந்தப் பிராந்திக் கடை. அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

நின்றேனா என்றால் நின்றேன். காலுக்குப் பழகிய இடம்; தானாக நின்றது. அந்த வாசமும் வந்தது. ஆனால் சரசுவிடம் சொல்ல வேண்டிய சேதி தொண்டை வரை முட்டிக்கொண்டிருந்தது. முதல் மார்க் வாங்கிய பையன் வீட்டுக்கு ஓடுவதுபோல் அவசரம். அந்த அவசரம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. போஜன் சில்லறை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தான்.

முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் சரசு எடுத்தாள்.

"சரசு, நான்தான். மேட்டுப்பாளையத்துல இருக்கேன்."

அவள் என்ன நினைப்பாள் என்று அந்த ஊரின் பெயரைச் சொன்ன பிறகுதான் உறைத்தது.

"சரசு, நான் தூங்கிட்டேன். கேரட் லாரியில. அஞ்சரைக்கு ஏறினவன், ஒன்பதரைக்குத்தான் முழிச்சேன்."

"பக்கத்துல ஆராச்சும் இருக்காங்களா? குடுங்க."

போஜனிடம் கொடுத்தேன். அவன் இரண்டு கையாலும் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, எதிரில் ஆள் நிற்பதுபோல் குனிந்து பேசினான். "நான் போஜனுங்க அக்கா. ஆமாங்க. லாரிலதானுங்க. கேரட் வாசந்தானுங்க அக்கா, வேற ஒண்ணுமில்லீங்க." கேட்டுக்கொண்டான். பிறகு தயங்கி என்னைப் பார்த்தான்.

"அண்ணா, ஊதச் சொல்றாங்க."

அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள், இடுப்பில் சாக்குக் கட்டி, வெறுங்காலோடு நின்ற நான் ஊதினேன்.

"இன்னொருக்காங்கண்ணா."

மறுபடி ஊதினேன். பூத்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க அக்கா. நெசமாலுமுங்க. டீ வாசந்தானுங்க" என்றான் போஜன். பிறகு ரிசீவரை என்னிடம் நீட்டினான். "வெச்சுட்டாங்க அண்ணா."

சத்தம் போடாமல்

போஜன் வேட்டி ஒன்று வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டான். வழியெல்லாம் முழித்துக்கொண்டுதான் வந்தேன். எத்தனையோ முறை ஏறிய மலை. வளைவுக்கு வளைவு காற்றுக் குளிர்ந்துகொண்டே வருவதை அன்றைக்குத்தான் கவனித்தேன். ஆனாலும் அந்தப் போனையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் வைத்துவிட்டாள்? நம்பவில்லையா? நம்பியும் வெறுத்துப் போய்விட்டாளா?

பன்னிரண்டு மணிக்குக் கோத்தகிரி. கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன்.

பெஞ்சில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில், வேலைக்கோட்டைக்கூடக் கழற்றாமல், பாக்கியக்கா. என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார்.

மேஜைமேல் கையை மடித்து, அதில் கன்னத்தை வைத்து, சரசு தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை வந்தது.

பாக்கியக்கா என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்து, காதுக்குள் சொன்னார். "நீங்க வீடு வந்து சேரலன்னு ஆறு மணிக்கே என்னையத் தேடி வந்திருச்சு தம்பி. நானும் கூடவே உக்காந்திருந்தேன். போனு வந்துச்சு. வெச்சுட்டு, 'என்ற ஊட்டுக்காரரு தூங்கிட்டாருங்கக்கா'ன்னு சொல்லிச் சிரிச்சுச்சு. அப்படியே தலையச் சாய்ச்சிருச்சு. மூணு மாசமா அந்தப் புள்ள எங்க தூங்குச்சு? நீங்க முழிச்சிருந்தா அதுவும் முழிச்சிருக்கு. கண்ண மட்டும் மூடிக்கிட்டுப் படுத்திருக்கு."

எனக்குத் தெரியாது. ஊரில் முழித்திருந்தது நானும் கரடியும்தான் என்று நினைத்திருந்தேன்.

உள்ளே போனேன். காலையில் பாக்கியக்கா எனக்குக் கொடுத்த கம்பளிக் கோட்டை அவள் தோளில் போர்த்தினேன். பெஞ்சில் முதலில் இருந்தவர் சீட்டை நீட்டினார். எடுத்துக் கொடுத்தேன். எத்தனை வேளை என்று விரலால் காட்டினேன். எவ்வளவு என்று அவரும் விரலால் கேட்டார். அடுத்தவர் வந்தார். வெளியே நின்ற பாக்கியக்கா, புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திச் சேதி சொல்லியே உள்ளே விட்டார்.

சாயங்காலம் நாலு மணி வரை அப்படித்தான் வியாபாரம் நடந்தது. இருமல் மருந்துக்கு வந்த பெரியவர் ஒருவர், வரிசையிலிருந்து இரண்டு முறை தெருவுக்குப் போய் இருமிவிட்டு வந்தார்.